பிராக்கில் கைடு எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்

பிராக்கிலிருந்து கிளம்பும் ஒருநாள் டூர் எதை எடுத்தாலும் அதன் விலைக்குள் வண்டி, நுழைவுச்சீட்டு, கைடு பேசும் நேரம் என்று மூன்று சரக்குகள் அடங்கியிருக்கின்றன. செக் நாட்டில் முதல் இரண்டையும் நாமே வாங்கிக்கொள்வது சுலபம். ரயிலும் பேருந்தும் அடிக்கடி ஓடுகின்றன. கோட்டைகளும் அருங்காட்சியகங்களும் இணையத்திலேயே சீட்டு விற்கின்றன. கைடுதான் தனியாக எளிதில் கிடைக்காத சரக்கு. ஆகவே ஒரு டூர் அதன் விலைக்குத் தகுமா என்று பார்க்க, எத்தனை ஊர் காட்டுகிறார்கள் என்று எண்ணிப் பயனில்லை. போன இடத்தில் கைடு எவ்வளவு நேரம் நம்மோடு இருப்பார், அவர் இல்லாவிட்டால் அந்த இடம் நமக்குப் புரியுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இப்படிக் கணக்குப் போட்டால், எல்லோரும் விரும்பிக் கேட்கும் செஸ்கி க்ரும்லோவ் டூர்தான் முதலில் அடிபடும். அந்த ஊர் பிராக்குக்குத் தெற்கே சுமார் 170 கிலோமீட்டர். பத்து மணி நேர டூர் என்று போட்டிருப்பார்கள். போக ஏறக்குறைய மூன்று மணி, திரும்ப மூன்று மணி. மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி. ஹோட்டல் ஹோட்டலாக நின்று ஆள் ஏற்றும் வண்டியாக இருந்தால் இன்னும் அரை மணி போகும். மிச்சம் இரண்டரை மணி. அதிலும் கைடோடு நடப்பது ஒன்றரை மணிதான் இருக்கும், மற்றது 'சுதந்திர நேரம்'. அந்த நேரத்தில் வ்ல்டாவா ஆறு வளையும் இடத்தில் நின்று படம் எடுக்கலாம், கோட்டைப் பாலத்தில் ஏறி இறங்கலாம். அவ்வளவுதான் முடியும்.

இதில் என்ன போகிறது என்பதுதான் எனக்கு வருத்தம். க்ரும்லோவ் கோட்டைக்குள் 1760-களில் அமைத்த பரோக் நாடக அரங்கம் ஒன்று இருக்கிறது. மேடைக்கு அடியில் காட்சித் திரைகளை நகர்த்தும் மரச் சக்கரங்களும் கயிறுகளும் அப்படியே காக்கப்பட்டிருக்கின்றன. ஐரோப்பாவில் இவ்வளவு முழுமையாக மிஞ்சியவை மிகச் சில. அதைக் கோட்டையின் சொந்தக் கைடோடு, குறிப்பிட்ட நேரத்தில், சிறு குழுவாக மட்டுமே பார்க்க முடியும், குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். பிராக்கிலிருந்து வரும் பேருந்து டூரால் அந்த நேரத்தோடு தன் நேரத்தைப் பொருத்த முடியாது, அதனால் அரங்கம் பட்டியலிலேயே இருக்காது. க்ரும்லோவ் போவதென்றால் ஓர் இரவு தங்கிவிடுங்கள். ஆன்டெல் மெட்ரோவை ஒட்டிய நா க்னீஷெட்ஸி நிலையத்திலிருந்து நேர்ப் பேருந்து உண்டு. கோடையில் இருக்கைகள் முன்னதாகவே தீர்ந்துவிடும், முன்பதிவு செய்துகொள்ள வேண்டும். மாலையில் டூர் பேருந்துகள் போன பிறகு தெருக்களில் நிம்மதியாக நடக்கலாம்.

பிராக்கிலிருந்து ஒரே நாளில் வியன்னா போய்வரும் டூருக்கும் இதே கணக்குதான். ரயிலிலேயே ஒரு வழிக்கு நான்கு மணி ஆகும். ஜெர்மனியின் ட்ரெஸ்டனுக்கு இரண்டே கால் மணிதான். அங்கே நீங்களே போய்வரலாம்.

பழைய வெள்ளிச் சுரங்க ஊரான குட்னா ஹோராவுக்கும் டூர் வேண்டியதில்லை என்பது என் கருத்து. பிராக் தலைமை ரயில் நிலையத்திலிருந்து நேர் ரயில் ஒரு மணிக்குள் சேர்த்துவிடும். புதிதாகப் போகிறவர்கள் குழம்புவது ஒரே விஷயத்தில்தான்: குட்னா ஹோரா தலைமை நிலையம் ஊருக்குள் இல்லை. அது செட்லெட்ஸ் என்ற புறநகரில் இருக்கிறது. பழைய ஊர் அங்கிருந்து சுமார் மூன்று கிலோமீட்டர். இது இடைஞ்சல் போலத் தோன்றும், உண்மையில் வசதி. மனித எலும்புகளை அடுக்கி அலங்கரித்த எலும்பு மண்டபம் இருப்பது செட்லெட்ஸிலேயே, நிலையத்திலிருந்து பதினைந்து நிமிட நடை. காலையில் முதலில் அதைப் பார்த்துவிட்டு, பிறகு உள்ளூர்ப் பேருந்திலோ சின்ன ரயிலிலோ ஊருக்குள் போங்கள். மண்டபத்தின் உள்ளிடம் சிறியது. இரண்டு டூர் குழுக்கள் ஒரே நேரத்தில் நுழைந்தால் நிற்கவே இடமிராது. அதனால்தான் காலையிலேயே போகச் சொல்கிறேன். நுழைவுச்சீட்டை மண்டபத்து வாசலில் தேடாதீர்கள். பக்கத்திலுள்ள தகவல் மையத்தில் வாங்க வேண்டும், அங்கிருக்கும் அன்னை மரியா பேராலயத்துக்கும் அதுவே சேர்ந்த சீட்டு. உள்ளே படம் எடுக்க 2020 முதல் தடை.

அந்த மண்டபத்தில் 40,000 முதல் 60,000 பேர் வரையிலான எலும்புகள் இருப்பதாகக் கணக்கு. 1278-இல் செட்லெட்ஸில் இருந்த கிறிஸ்தவ மடத்தின் தலைவர், இயேசு சிலுவையில் அறையப்பட்ட ஜெருசலேமின் கொல்கொதா மலையிலிருந்து ஒரு பிடி மண் கொண்டுவந்து தூவினார் என்பது மரபு. அதன் பிறகு மத்திய ஐரோப்பா முழுவதிலிருந்தும் அங்கே புதைக்கப்பட விரும்பினார்கள். கொள்ளைநோயும் ஹுஸைட் போர்கள் என்ற 15-ஆம் நூற்றாண்டு மதப் போர்களும் இடுகாட்டை நிரப்பின. இப்போது நாம் பார்க்கும் எலும்புச் சரவிளக்கும் பிரபுக் குடும்பத்தின் குலச்சின்னமும் 1870-இல் ஃபிரான்டிஷெக் ரின்ட் என்ற மரச் சிற்பி அடுக்கியவை. இவ்வளவு தெரிந்துகொண்டு போனால் அங்கே கைடு இல்லாமலே பார்க்கலாம்.

அதே ஊரில் கைடு கட்டாயம் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு, ஆனால் பிராக்கிலிருந்து வரும் கைடு இல்லை. ஹ்ராடெக் கட்டடத்தில் இயங்கும் வெள்ளி அருங்காட்சியகம் இடைக்காலச் சுரங்கத்துக்குள் ஆட்களை அழைத்துப் போகிறது. வெள்ளை அங்கியும் தலைக்கவசமும் விளக்கும் தருவார்கள். சில இடங்களில் தோளைத் திருப்பி, தலையைக் குனிந்துதான் நுழைய முடியும். மூடிய இடம் ஒத்துக்கொள்ளாதவர்களும் முழங்கால் வலி உள்ளவர்களும் தவிர்த்துவிடலாம். 1300-இல் இங்கே வெள்ளி க்ரோஷன் நாணயம் அடிக்கத் தொடங்கினார்கள். ஊரின் செல்வம் முழுவதும் அந்தச் சுரங்கத்திலிருந்து வந்தது. சுரங்கத்தைப் பார்த்துவிட்டுப் புனித பார்பரா கோயிலுக்குப் போனால், சுவரோவியங்களில் நாணயம் அடிப்பவர்களும் வெள்ளை அங்கி அணிந்த சுரங்கத் தொழிலாளியின் சிலையும் ஏன் இருக்கின்றன என்று யாரும் விளக்க வேண்டியிராது. 1388-இல் தொடங்கிய அந்தக் கோயில் 1905-இல்தான் முடிந்தது; நடுவில் வெள்ளி வற்றியதும் வேலை நின்றதும் ஒரே கதையின் பகுதிகள். அரைநாள் டூர்களில் சுரங்கத்துக்கு இடமே இருப்பதில்லை. சுரங்கம் திங்கட்கிழமையும் குளிர்காலத்திலும் மூடியிருக்கும்.

கார்ல்ஷ்டெயின் கோட்டைக்கு வேறு வகை எச்சரிக்கை தேவை. 1348-இல் நான்காம் கார்ல் அரசன் அடிக்கல் நாட்டிய கோட்டை; அரச ஆபரணங்களையும் புனிதச் சின்னங்களையும் பாதுகாத்த இடம். ரயிலில் நாற்பது நிமிடம், பிறகு சுமார் இரண்டு கிலோமீட்டர் ஏற்றம். உள்ளே போக வேண்டுமென்றால் கோட்டையின் கைடோடுதான் போக முடியும். நீங்கள் பிராக்கிலிருந்து ஒரு கைடை அழைத்து வந்திருந்தாலும் அறைகளுக்குள் விளக்குவது கோட்டையின் ஆள்தான். இங்கே உள்சுற்றுகள் பல உண்டு. முதல் சுற்று அரச அறைகளோடு நின்றுவிடும். புனிதச் சிலுவை ஆலயம், அதாவது ஓவியர் தியோடொரிக் தீட்டிய 129 பலகை ஓவியங்களும் பொன் பூசிய கூரையும் கொண்ட அறை, இரண்டாம் சுற்றில் மட்டுமே வரும். அதைக் கோடை மாதங்களில், மிகச் சிறு குழுவாக, முன்பதிவோடு மட்டும் திறக்கிறார்கள். மூச்சின் ஈரம்கூட ஓவியங்களைக் கெடுக்கும் என்பதால் இந்தக் கட்டுப்பாடு. டூர் விளம்பரத்தில் 'கோட்டை நுழைவு உட்பட' என்று இருந்தால், எந்தச் சுற்று என்று எழுதிக் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் முதல் சுற்று என்றே எடுத்துக்கொள்ளலாம். சில டூர்கள் முற்றத்தோடு திரும்பிவிடும். 'கோட்டையைப் பார்வையிடுதல்' என்ற சொல்லுக்குள் அதுவும் அடங்கும்.

இதுவரை சொன்னவை எல்லாம் டூர் இல்லாமல் சமாளிக்கக்கூடிய இடங்கள். டெரெசீனில் மட்டும் நல்ல கைடுக்குக் கேட்கிற காசைக் கொடுத்துவிடுங்கள் என்பேன்.

காரணம், அங்கே கண்ணுக்குத் தெரிவது மிகக் குறைவு. 1780-களில் இரண்டாம் ஜோசப் பேரரசர் தன் தாய் மரியா தெரேசா பெயரில் கட்டிய கோட்டை நகரம் அது. ஓஹ்ஷெ ஆற்றின் ஒரு பக்கம் சிறிய கோட்டை. மறுபக்கம் மதில் சூழ்ந்த ஊர். இந்த இரண்டுக்கும் வேறுபாடு தெரியாமலே பலர் திரும்புகிறார்கள். சிறிய கோட்டை 1940 முதல் நாஜிகளின் ரகசியப் போலீஸான கெஸ்டாபோவின் சிறையாக இருந்தது. பெரும்பாலும் அரசியல் கைதிகள், ஏறக்குறைய 32,000 பேர் அதன் வழியே போனார்கள். அதற்கு முன்பே அது சிறைதான். 1914-இல் ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் ஃபெர்டினாண்டைச் சுட்ட காவ்ரிலோ பிரின்சிப் அடைபட்டுக் கிடந்தது இங்கேதான். யூதர்களை அடைத்த கெட்டோ எதிர்க்கரையிலிருக்கும் ஊர். 1941 நவம்பரில் தொடங்கி அங்கே கொண்டுவரப்பட்டவர்கள் சுமார் 1,40,000 பேர். சுமார் 33,000 பேர் அங்கேயே மாண்டார்கள். 87,000 பேருக்கு மேல் கிழக்கே கெட்டோக்களுக்கும் கொலை முகாம்களுக்கும் அனுப்பப்பட்டார்கள்.

சிறிய கோட்டையில் சிறை அறைகளும் வாசல் எழுத்தும் சுரங்கப் பாதையும் இருக்கின்றன. படம் எடுக்கத் தோன்றும் இடம். ஊரில் அப்படி எதுவும் இல்லை. அங்கே இன்று மக்கள் குடியிருக்கிறார்கள், கடை இருக்கிறது, துணி காய்கிறது. ஒரு வீட்டு முற்றத்தின் பின்னால் ஒளித்து வைத்த தொழுகை அறை. ஒரு தெருவில் 1943-இல் கைதிகளைக் கொண்டே போட்ட ரயில் தண்டவாளத்தின் மிச்சம். அதற்கு முன் வந்தவர்கள் போஹுஷோவிட்ஸெ நிலையத்தில் இறங்கி மூட்டையோடு நடந்துதான் வந்தார்கள். 1944 ஜூன் 23 அன்று செஞ்சிலுவைச் சங்கக் குழு பார்வையிட வந்தபோது நாஜிகள் வீட்டு முகப்புகளுக்கு வண்ணம் பூசி, பூங்கா வைத்து, நெரிசல் தெரியாமலிருக்க அதற்கு முந்தைய மாதமே 7,500 பேரை ஆவுஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். குழு எந்தத் தெருவில் போனது, எந்தத் தெருவுக்குள் போகவில்லை என்பதை அந்த இடத்தில் நின்று ஒருவர் காட்டினால்தான் நடந்தது புரியும்.

ஆகவே டெரெசீன் டூரைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே ஒரு விஷயத்தைப் பாருங்கள்: ஊருக்குள் எவ்வளவு நேரம்? ஐந்து மணி நேர டூர் என்றால் பயணத்துக்கு இரண்டு மணிக்கு மேல் போய்விடும். சிறிய கோட்டைக்கு ஒரு மணி. கெட்டோ அருங்காட்சியகத்தில் ஒரு படம் போட்டுக் காட்டி, திரும்ப வண்டியில் ஏற்றிவிடுவார்கள். ஆறரை மணிக்குக் குறையாத டூராக இருந்து, மக்டெபர்க் படைக் குடியிருப்பு, சுடுகாட்டுக் கூடம், தொழுகை அறை மூன்றும் நிரலில் இருந்தால் நம்பிப் போகலாம். படைக் குடியிருப்பில் கைதிகள் வரைந்த படங்களும் எழுதிய இசையும் இருக்கின்றன. அங்கே அவசரப்படுத்துகிற டூர் வேண்டாம். சனிக்கிழமை சுடுகாட்டுக் கூடம் மூடியிருக்கும், அன்று போகாதீர்கள். சிறு குழந்தைகளை அழைத்துப் போக வேண்டாம். தனியாகப் போவதானால் ஹோலெஷோவிட்ஸெ நிலையத்திலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரம். ஒருங்கிணைந்த நுழைவுச்சீட்டை வாங்கிக்கொண்டு, சிறிய கோட்டையில் நினைவகத்தின் சொந்தக் கைடு எப்போது கிளம்புவார் என்று முதலில் கேளுங்கள்.

இனி நகருக்குள் நடக்கும் வாக்கிங் டூர்கள். பழைய நகரச் சதுக்கத்திலும் பவுடர் கோபுரத்தின் அடியிலும் வண்ணக் குடைகளோடு நிற்பவர்கள் 'இலவச' டூர் நடத்துகிறவர்கள். கட்டணம் கிடையாது, முடிவில் டிப்ஸ். பல நிறுவனங்களில், வந்த ஆட்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப கைடுதான் நிறுவனத்துக்கு ஒரு தொகை கட்ட வேண்டும். தொடக்கத்திலேயே குழுவைப் படம் எடுப்பது பெரும்பாலும் இந்தத் தலைக்கணக்குக்காக. அதாவது நீங்கள் டிப்ஸ் தராமல் நழுவினால் கைடுக்குக் கைநட்டம். ஒருவருக்கு 200 முதல் 300 கோருனா கொடுப்பது நியாயம். தாளாகக் கொடுங்கள், செக் பணத்திலேயே கொடுங்கள். செக் நாடு இன்னும் யூரோவுக்கு மாறவில்லை, யூரோ சில்லறையை எந்த மாற்றுக்கடையும் வாங்காது. பணம் மாற்றும் கடையில் மோசமான விகிதம் போட்டுவிட்டார்கள் என்று தெரிந்தால், 1,000 யூரோ மதிப்பு வரை மூன்று மணி நேரத்துக்குள் ரசீதைக் காட்டித் திரும்பப் பெற 2019 முதல் சட்டம் இடம் தருகிறது. ரசீதைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.

இலவச டூரின் குறை கூட்டம்தான். இருபத்தைந்து பேருக்கு மேல் போனால் பின்வரிசைக்குக் காது கேட்காது. வானியல் கடிகாரத்தின் முன் மணியடிக்கும் நேரத்தில் ஐந்து குழுக்கள் ஒன்றாக நிற்கும். 1410-இல் செய்த அந்தக் கடிகாரத்தில் அப்போஸ்தலர்கள் வந்துபோவது ஒரு நிமிடம்கூட இல்லை. எல்லோரும் மேலே பார்க்கும் அந்த நேரத்தில் ஜேப்படிக்காரர்களும் வேலையில் இருப்பார்கள், பையை முன்னால் போட்டுக்கொள்ளுங்கள். ஊரின் அமைப்பைப் பிடித்துக்கொள்ள முதல்நாள் காலை ஒரு இலவச டூர் போதும். இரண்டாவது டூருக்குக் காசு கட்டிப் பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்க்காத குழுவாகப் பாருங்கள்.

அந்தக் காசை எங்கே செலவிடலாம் என்றால், யோசெஃபோவ் யூதப் பகுதியில். பின்காஸ் தொழுகைக்கூடத்தின் சுவர்களில் நாஜிகளால் கொல்லப்பட்ட ஏறக்குறைய 78,000 யூதர்களின் பெயர்கள் எழுதப்பட்டிருக்கின்றன. பழைய கல்லறைத் தோட்டத்தில் இடமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாகப் புதைத்ததால் மண்ணே மேடாகிவிட்டது. பழைய-புதிய தொழுகைக்கூடம் 13-ஆம் நூற்றாண்டிலிருந்து இன்றுவரை வழிபாட்டில் இருக்கிறது. கவனிக்க வேண்டியது, பல டூர்கள் இவற்றின் வாசலில் நின்று பேசிவிட்டு நகர்ந்துவிடும். 'நுழைவு உட்பட' என்று தெளிவாக இருக்க வேண்டும். சனிக்கிழமை எல்லாமே மூடியிருக்கும்.

பிராக் கோட்டைக்குக் கைடு விருப்பப்பட்டால் மட்டும். வளாகத்துக்குள் நுழையக் கட்டணமில்லை, கட்டடங்களுக்குத்தான் சீட்டு. 22-ஆம் எண் ட்ராமில் போஹோஷெலெட்ஸ் வரை ஏறிப் போய், அங்கிருந்து இறக்கமாக நடந்து கோட்டை வழியே சார்லஸ் பாலத்துக்கு வந்தால் முழங்கால் பிழைக்கும். வாக்கிங் டூர்கள் பல பாலத்திலிருந்து மேலே ஏற வைக்கும். வயதானவர்கள் உடன் இருந்தால் எந்தத் திசையில் நடக்கிறார்கள் என்று முன்பே கேளுங்கள். புனித வீட்டஸ் பேராலயம் ஞாயிறு காலை வழிபாட்டுக்காக மூடியிருக்கும், நண்பகலுக்கு மேல்தான் விடுவார்கள்.

கைடின் கழுத்தில் தொங்கும் அட்டையையும் பாருங்கள். செக் சட்டப்படி வட்டார வளர்ச்சி அமைச்சகம் தரும் அடையாள அட்டையை அவர்கள் வெளியே தெரியும்படி அணிய வேண்டும். இரண்டு படிநிலை உண்டு. தொழில்தகுதியை நிரூபித்தவர்களுக்கே இரண்டாம் படி. டெரெசீனுக்கும் யோசெஃபோவுக்கும் இரண்டாம் படி கைடைக் கேட்டு வாங்குங்கள்.

முன்பதிவைப் பற்றி இரண்டு வார்த்தை. கெட்யுவர்கைடு, வியேட்டர் போன்ற தளங்கள் டூரை நடத்துவதில்லை, விற்கின்றன. விலையில் பொதுவாக 20 முதல் 30 சதவீதம் அவர்களுக்குப் போகும். பக்கத்தின் கீழே நடத்துகிறவர் பெயர் இருக்கும். அவர்களுடைய சொந்தத் தளத்தில் அதே டூர் மலிவாகவோ சிறு குழுவாகவோ கிடைக்கிறதா என்று பாருங்கள். தளத்தின் வழி வாங்கினால் முந்தைய நாள் வரை ரத்து செய்யும் வசதி பெரும்பாலும் உண்டு. மழைக்காலத்தில் அதுவும் ஒரு மதிப்புதான். விமர்சனங்களில் மூன்று நட்சத்திரம் போட்டவர்கள் எழுதியதை முதலில் படியுங்கள். 'கைடு இரண்டு மொழிகளில் மாறி மாறிப் பேசினார்' என்று ஒருவர் எழுதியிருந்தால், இரண்டு மணி நேர விளக்கத்தில் உங்களுக்குக் கிடைப்பது ஒரு மணிதான்.

மதியச் சாப்பாடு உட்பட என்று இருந்தால் சைவர்கள் உஷாராக இருக்க வேண்டும். குழுக்களுக்கு வழக்கமாக வைப்பது மாட்டிறைச்சி குலாஷும் மாவு உருண்டையும். இறைச்சியை எடுத்துவிட்டாலும் குழம்பு இறைச்சிச் சாறுதான். சாப்பாடு இல்லாத டூரை எடுத்து, உணவகத்தில் 'பெஸ்மஸா யீட்லா' என்ற தலைப்பின் கீழ் இருப்பதைக் கேளுங்கள், அது இறைச்சியில்லாப் பட்டியல். பொரித்த பாலாடைக்கட்டி எங்கும் கிடைக்கும். வார நாட்களில் மதியம் 11 முதல் 2 வரை மலிவான மதிய மெனு இருக்கும்.

போஹீமிய ஸ்விட்சர்லாந்து என்பது ஸ்விட்சர்லாந்து நாடு அல்ல, செக் நாட்டின் வடக்கே ஜெர்மனி எல்லையை ஒட்டிய காட்டுத் தேசியப் பூங்கா. அங்கே போகும் டூர்கள் பல ஜெர்மனிக்குள்ளிருக்கும் பாஸ்டை பாலத்தையும் சேர்த்துக்கொள்கின்றன. இரண்டு நாடும் ஒரே விசா செல்லும் ஷெங்கன் பகுதி என்பதால் ஒருமுறை நுழைவு விசா வைத்திருப்பவர்களும் போய்வரலாம், ஆனால் ஜெர்மனி எல்லையில் சோதனை நடக்கிறது. இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் அசலையே கையில் கொண்டு போங்கள், செல்போனில் எடுத்த படம் போதாது. 2022 ஜூலையில் அந்தக் காட்டில் பெருந்தீ ஏற்பட்டது. சில பாதைகள் அதற்குப் பிறகு மூடப்பட்டன, டூர் நிரலில் இருக்கும் பாதை இப்போது திறந்திருக்கிறதா என்று தேசியப் பூங்காவின் தளத்தில் சரிபார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

தேதி குறிக்கும்போது கார்ல்ஷ்டெயின் இரண்டாம் சுற்றிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் அதற்குத்தான் இடம் மிகக் குறைவு. அது கிடைத்த நாளைச் சுற்றி மற்றவற்றை வையுங்கள். டெரெசீனும் யோசெஃபோவும் சனி தவிர்த்து. வீட்டஸ் பேராலயம் ஞாயிறு காலை தவிர்த்து. கோட்டைகள் பலவும் மூடியிருக்கும் திங்கட்கிழமை மிச்சமானால், சுரங்கம் வேண்டாதவர்கள் குட்னா ஹோரா போகலாம். எலும்பு மண்டபமும் புனித பார்பரா கோயிலும் அன்றும் திறந்திருக்கும். டிசம்பரில் மாலை 4 மணிக்கே இருட்டிவிடும், அதனால் குளிர்காலத்தில் நண்பகலுக்குப் பிறகு கிளம்பும் எந்த வெளியூர் டூரையும் எடுக்காதீர்கள்.